கூடம் கோணலா?

2025ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு முந்திய வாரம் அது. தில்லிக் குளிருக்கு அஞ்சிக் கைகளைச் சட்டைப் பைக்குள் புதைத்தபடி விடுதி உண்டிச்சாலைக்குள் நுழைந்தவர்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் கண்டிருப்பார்கள். நம் மன்றத்தின் பொங்கல் விருந்துக்கு யார் யார் பணம் கட்டினார்கள், யார் யார் இன்னும் கட்டவேண்டும் என்று காட்டும் பட்டியல். பெயர், கட்டியது, பாக்கி என மூன்று பத்திகள். மொத்தம் 63 பெயர்கள். "நாயன்மார் கணக்காக இருக்கிறதே" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அந்தப் பட்டியலை ஆக்கியவன் நான்.

நான் என்றால் என் கை அன்று. நான் எழுதிய ஷெல் நிரல். பொருளாளர் தம் கைப்பேசியிலிருந்து வரி வரியாக அனுப்பும் வரவுகளைப் படித்து, கூட்டிக் கழித்து, ஒழுங்கான பத்திகளில் தருவது அதன் வேலை. முப்பது வரிகூட இல்லை. இயக்கினேன், அச்சிட்டேன், பார்க்காமலே ஒட்டினேன். பார்க்காமல் ஒட்டியது என் முதற்பிழை. அதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

முதலாண்டு மாணவர் ஒருவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நீளத்தில் 'பாலசுப்பிரமணியன்' போன்றதொரு பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே 1,450 ரூபாயையும் கட்டிவிட்டவர். ஆனால் பட்டியலில் அவருடைய 1450 'கட்டியது' என்னும் தலைப்பின் கீழ் நிற்கவில்லை. பெயர் தள்ளிய தள்ளில் வலப்புறம் நகர்ந்து, 'பாக்கி' என்னும் தலைப்புக்கு நேர்கீழே போய் நின்றது. கட்டி முடித்தவர், ஒரு காசும் கட்டாதவர் ஆனார்.

உண்டிச்சாலையில் மூத்த மாணவர் இருவர் எல்லோர் முன்னிலையிலும், "என்ன தம்பி, ஊரிலிருந்து இன்னும் பணம் வரவில்லையா?" என்று கேட்டனராம். விளையாட்டாகத்தான் கேட்டனர். அவர் மறுமொழி சொல்லவில்லை. அன்று மாலையே அறைத்தோழரிடம் கடன் வாங்கி, இன்னொரு 1,450 ரூபாயைப் பொருளாளர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்துப் பொருளாளர் தம் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் முதலில் கட்டிய பணம் கண்ணில் பட்டது. "ஏனப்பா சொல்லவில்லை?" என்றதற்கு, "பலகையிலே போட்டிருந்ததே அண்ணா, நான்தான் தவறாக நினைத்துவிட்டேனோ என்று இருந்துவிட்டேன்" என்றாராம். அச்சில் வந்தது பொய்யாகாது என்று நம்பும் பிள்ளை!

பணம் திரும்பிவிட்டது. மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. ஆனால் அதன்பின் கூடிய செயற்குழுவில் எழுந்த ஒரு தீர்மானமே இக்கட்டுரையை எழுத வைத்தது. "தமிழில் பெயர் எழுதினால் பத்திகள் கோணுகின்றன. ஆகையால் இனி உறுப்பினர் பட்டியலும் கணக்குகளும் ஆங்கில எழுத்தில் இருக்கவேண்டும்." பலர் தலையசைத்தனர். ஆங்கிலப் பெயர்களை இட்டுச் சோதித்தபோது என் நிரல் நூல் பிடித்தாற்போல் பத்திகளைத் தந்தது உண்மை. தமிழ்ப் பெயர்களை இட்டபோது கோணியதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளிலிருந்தும் அவர்கள் கண்ட முடிவு மட்டும் தவறு. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடியவன் நான், கூடத்தைப் பழிப்பது எனக்கு ஒப்பவில்லை.

கோணல் எங்கிருந்து வந்தது? நான் பெயருக்கு 20 இடம் ஒதுக்கி, மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்பு என்று கட்டளையிட்டிருந்தேன். 20 என்றால் எதன் கணக்கில் 20? அதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. 'செல்வம்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுக் குழந்தையைக் கேட்டால் செ, ல், வ, ம் என்று விரல் மடக்கி 4 என்னும். யூனிகோடு முறையில் எகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலால் அங்கே கணக்கு 7. யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு, ஆகவே 21. திரையிலோ புள்ளி தனக்கென இடம் கொள்ளாமல் மெய்யின் தலைமேல் ஏறிக்கொள்வதால் 5 கட்டங்கள். ஒரே பெயர், நான்கு விடைகள்!

என்னிடம் இருந்த பாஷ் ஷெல்லின் பிரிண்ட்எஃப் கட்டளை பைட்டுகளை எண்ணியது. செல்வத்துக்கு 21 என்று கண்டு, ஒதுக்கிய 20 நிரம்பி வழிந்துவிட்டதாகக் கொண்டு, ஒரு வெற்றிடமும் இடாமல் விட்டது. பாலசுப்பிரமணியனுக்கு 48, அங்கும் வெற்றிடம் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அகலம் முன்னவருக்கு 5 கட்டம், பின்னவருக்கு 14 கட்டம். அடுத்த பத்தி எப்படி நேராக நிற்கும்?

'ஜிஎன்யூ ஆக்' பைட்டை விட்டுக் குறிகளை எண்ணுகிறது. அது செல்வத்தை 7 என்னும். பைத்தானில் எழுதியிருந்தால் இத்தொல்லை வந்திராது என்றார் ஒரு நண்பர். அதன் நீளக் கணக்கும் 7தான். லினக்சில் 'காலம்' என்றொரு கட்டளை உண்டு. (நம் காலம் அன்று; பத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.) இம்மூன்றிலும் அறிவுள்ளது அதுவே; திரைக் கட்டங்களை எண்ண முயல்கிறது. ஆயினும் யூனிகோடு அட்டவணையில் இகரக் குறி இடம் கொள்வதாகவும், ஈகாரக் குறி புள்ளியைப் போல் இடம் கொள்ளாததாகவும் வகுக்கப்பட்டுள்ளது. அதன்படி 'கிரி'க்கு 4 கட்டம், 'கீரி'க்கு 3. மலை கீரியை விடப் பெரியதுதானே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் எழுத்தை வரையும் திரை எப்போதும் அந்தக் கணக்குக்கு உடன்படுவதில்லை.

'ஓர் எழுத்துக்கு ஓர் இடம்' என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள். ஒரு வரிசைக்கு ஓர் எழுத்து. பின்னர் 1978இல் வந்த விடி100 என்னும் முனையத் திரையிலும் 80. அக்காலத்து ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும் ஒரு கட்டமும் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் வெவ்வேறு அளவைகள் என்று நினைக்கவே அவர்களுக்குத் தேவை நேரவில்லை. இதில் தமிழின்பால் இகழ்ச்சி ஏதும் இல்லை. பழக்கம் விதியாகி நிற்கிறது, அவ்வளவே. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியை எண்ணிப் பாருங்கள். புள்ளிக்குரிய விசையை அழுத்தினால் வண்டி நகராது. புள்ளிக்குத் தனி இடம் இல்லை என்பதை அந்த இரும்புப் பொறி அறிந்திருந்தது. மின்னணுப் பொறிக்கு அதை நாம் சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

எழுத்துக்கு ஒரு குறி என வகுத்த டேஸ்-16 முறையைக் கொண்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற முறைதான் அது. ஆனால் எண்ணிக்கை சரியானாலும் 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலம் ஆகிவிடுமா?

வேறொரு கட்சியும் உண்டு. "ஷெல் நிரலின் வெளியீடு இன்னொரு நிரலுக்கு உணவு, அதை அழகுபடுத்துவது வீண்வேலை" என்பார்கள். யூனிக்ஸ் மரபு தெரிந்தவர்களின் பேச்சு இது. டக்ளஸ் மெக்கில்ராய் அவ்வாறே 1978இல் எழுதினார்: ஒரு நிரலின் வெளியீடு நாம் அறியாத மற்றொன்றின் உள்ளீடாகும் என்று எதிர்பார், பத்தி இடங்களைக் கண்டிப்பாகக் கட்டும் உள்ளீட்டைத் தவிர் என்னும் பொருள்பட. அதை நானும் மறுக்கவில்லை. நிரல்களுக்கிடையே ஓடும் தரவு டாப் குறியால் பிரிக்கப்பட்டு எளிமையாகவே ஓடட்டும். ஆனால் குழாயின் கடைசி முனையில் ஒரு மனிதன் நிற்கிறானே! கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைப் பாருங்கள். திரைக்குத் தரும்போது பத்தி பத்தியாக அடுக்குகிறது. குழாய்க்குள் விடும்போது வரிக்கு ஒரு பெயராக விடுகிறது. எதிரே நிற்பது ஆளா, நிரலா என்று பார்த்து நடந்துகொள்ளும் அந்தப் பண்பு என் நிரலில் இல்லை. நான் இருவருக்கும் ஒன்றையே நீட்டினேன்.

பரிகாரம் பெரிய வித்தை அன்று. பெயரைக் கடைசிப் பத்திக்குக் கொண்டுபோனேன். கட்டியது, பாக்கி, பெயர் என்று வரிசையை மாற்றிவிட்டால், பெயர் எவ்வளவு நீண்டாலும் அதற்கு வலப்புறம் தள்ளுண்டு போக ஒன்றும் இல்லை. எண்கள் முன்னே நிற்கும். 1450 என்பதைக் குழந்தை எண்ணினாலும் பைட்டால் எண்ணினாலும் கட்டத்தால் எண்ணினாலும் 4தான். வலப்பக்கம் ஒட்ட நிறுத்தினால் ஒன்றின்கீழ் ஒன்று அமையும். தலைப்பு வரியும் தமிழில்தான். ஆனால் அது ஒரே வரி, மாறாத வரி. கண்ணால் பார்த்துக் கையாலேயே இடம்விட்டு எழுதிவிட்டேன். பாக்கி இல்லாத இடத்தை வெறுமையாக விடாமல் 0 இட்டேன். வெற்றிடத்தையே பிரிப்பாகக் கொள்ளும் கட்டளைகள் வெறும் கட்டத்தை விழுங்கிவிடும். அடுத்த எண் இடம் மாறி உட்காரும். அந்தப் பள்ளத்தில் நான் விழவில்லை, ஆனால் விழுந்திருப்பேன். பலகையில் ஒட்டும் படிக்கு மட்டும், வலைப்பக்க அட்டவணையாக வெளியிடும் பத்து வரிகளைச் சேர்த்திருக்கிறேன். அங்கே எழுத்துருவின் அகலத்தை உலாவியே அளந்துகொள்கிறது. எண்ணும் பொறுப்பு நமக்கில்லை. இவ்வளவுக்கும் ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

ஒரு மாலைப்பொழுதைச் செலவிட மனமின்றி 63 பேரின் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றுவதா? லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் அடைக்கும் வழக்கம் நம்மிடையே பரவிக் கிடப்பதை அறிவீர்கள். பத்தி நேராகும், பெயர் கோணும். வகுப்பிலும் தேர்வுத்தாளிலும் வங்கியிலும் நம் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதற்கு நான் குறைகூறவில்லை. இவ்வளவு தொலைவில், இம்மன்றத்தின் பலகை ஒன்றில்தான் ஒரு மாணவன் தன் பெயரைத் தன் எழுத்தில் பார்க்கிறான். தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. நான் எதிர்த்து வாக்களிப்பேன்.

ஆண்டு விழாவுக்கான புதிய பட்டியலை இம்முறை ஒட்டுமுன் அந்த முதலாண்டு மாணவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். விரலை வைத்துத் தலைப்பைப் படித்தார். அதே விரலைக் கீழே இழுத்து எண்ணைப் படித்தார். பிறகு வலப்புறம் நகர்த்தித் தம் பெயரைப் படித்தார். சற்றே தயங்கி, "அண்ணா, எல்லாம் சரிதான். என் முதலெழுத்து 'சு' இல்லை, 'சூ'" என்றார். திருத்தி மறுபடி இயக்கினேன். எண்கள் நகரவில்லை.