வலி போனால் குணமாகிவிட்டதா?

மாணவர்களே, உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ பல் இம்பிளாண்ட் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதுண்டா? முதல் இரண்டு மூன்று நாள்கள் கன்னம் வீங்கியிருக்கும். கஞ்சியை ஆறவைத்துக் கொடுப்போம். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லித் தாத்தா முறுக்கை எடுத்துக் கடிப்பார். யாரும் தடுக்கமாட்டோம்.

தடுக்க வேண்டும் என்கிறேன் நான். வலியை வைத்துக் குணத்தை அளக்க முடியாது. ஏன் என்று அறிய, தாடைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இம்பிளாண்ட் என்பது பெரும்பாலும் டைட்டேனியத்தால் ஆன சிறிய திருகு. இழந்த பல்லின் வேருக்குப் பதிலாக அதைத் தாடை எலும்பில் பொருத்துகிறார்கள். 1950களில் சுவீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரானமார்க், முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவியைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்றப் பார்த்தால், வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது. இந்த எதிர்பாராத கண்டுபிடிப்பின் பலனாக, 1965இல் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு டைட்டேனிய இம்பிளாண்ட் வைத்தார்.

ஆனால் எலும்பு ஒரே நாளில் பற்றிக்கொள்வதில்லை. சிகிச்சை முடிந்தவுடன் இம்பிளாண்டைத் தாங்குவது, மரத்தில் முடுக்கிய திருகைப் போன்ற இறுக்கம் மட்டுமே. பிறகு உடல், திருகைச் சுற்றியுள்ள பழைய எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் புதிய எலும்பைக் கட்டுகிறது. பழைய பிடி தளர்ந்து, புதிய பிடி இன்னும் உறுதியாகாத இடைக்காலம் ஒன்று உண்டு. ஏறத்தாழ மூன்றாவது, நான்காவது வாரம் அது. வலி மறைந்து, எல்லாரும் மறந்துவிட்ட வாரங்கள்! அப்போது கடினமான உணவை அந்தப் பக்கம் கடித்தால் திருகு நுண்ணளவில் அசையும். அசைவு தொடர்ந்தால் எலும்புக்குப் பதில் மென்மையான நார்த்திசு வளர்ந்து, இம்பிளாண்ட் ஆடத் தொடங்கலாம். எலும்பு நன்கு பற்றப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும்.

முதல் நாள் விதிகளுக்கும் காரணம் உண்டு. காயத்தின்மேல் உறையும் இரத்தம்தான் இயற்கையான கட்டு. ஸ்ட்ராவால் உறிஞ்சினாலோ வேகமாகக் கொப்பளித்தாலோ அது பெயர்ந்துவிடும். சூடான தே தாரிக் இரத்தக் கசிவைத் தூண்டும். அதனால் வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிப்பதை மறுநாள்தான், அதுவும் மெதுவாகத் தொடங்க வேண்டும். சிகரெட்டிலும் வேப்பிலும் உள்ள நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், புதிய எலும்புக்குத் தேவையான இரத்தம் குறைகிறது.

"இதெல்லாம் மருத்துவர் சொல்லியிருப்பாரே, எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். உங்கள் வயதில் தாடை இன்னும் வளர்வதால் பொதுவாக இம்பிளாண்ட் வைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. மருத்துவர் தரும் குறிப்புத்தாள் நம் நாட்டில் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. தமிழ் மட்டுமே வாசிக்கும் பாட்டிக்கு அது வெறும் தாள். அதைத் தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்ட உங்களால் முடியும். மறுபரிசோதனைத் தேதிகளை நாள்காட்டியில் குறிக்கவும் முடியும். காரணத்தோடு பேரப்பிள்ளை சொல்லும்போது, பெரியவர்கள் கேட்கவும் செய்வார்கள்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கமோ வலியோ கூடினாலும், காய்ச்சல், சீழ், நிற்காத இரத்தக் கசிவு இருந்தாலும், திருகு ஆடுவதுபோல் தோன்றினாலும் உடனே பல் மருத்துவரை அழையுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள்.

சேமிப்பிலிருந்து பல ஆயிரம் வெள்ளி செலவழித்துத்தான் பல பெரியவர்கள் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்கிறார்கள். அது வீணாகாமல் இருக்க, முதல் வாரத்தில் காட்டும் அக்கறையை மூன்று மாதத்திற்கு நீட்டுங்கள். முறுக்கு எங்கேயும் ஓடிவிடாது. தாத்தா அதை நன்றாக மென்று தின்னும் நாளும் வரும்.