கரடியனாறு வெடிப்பும் நாம் கேட்காத கேள்வியும்



கரடியனாறை மறந்துவிட்டோமா? 2010 செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை. வீதி வேலைக்குக் கல் உடைக்கச் சீனக் கம்பனியொன்று பயன்படுத்திய டைனமைட், கொள்கலன்களில் பொலிஸ் நிலைய வளவுக்குள் இருந்தது. அது வெடித்தது. பொலிஸ் நிலையம் சிதறிப்போனது. 25 பேரளவில் இறந்தார்கள். பெரும்பாலும் பொலிஸார்; பொதுமக்களும் இரண்டு சீனர்களும் அதில் அடக்கம். அன்று ஜும்ஆ முடிந்து வந்தபோது எல்லோர் வாயிலும் இதே கதைதான்.

நாசவேலை இல்லை, விபத்து என்றார்கள். அதோடு நாமும் அமைதியாகிவிட்டோம்.

பழுகாமத்தில் படிப்பிக்கும் நாங்கள் சிலர் போன வாரம் இடைவேளையில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த ரீச்சர் ஒருவர் கேட்டார்: "பொலிஸிலதானே வச்சிருந்தாங்க சேர், அதைவிடப் பாதுகாப்பான இடம் எது?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. யுத்தம் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வெடிமருந்து யார் கையிலும் போய்விடக் கூடாது என்பதுதான் அன்றைய பயம். திருட்டுக்குப் பொலிஸ் நிலையம் நல்ல காவல். நெருப்புக்கும் அதிர்வுக்கும் அது காவலா? ஆட்கள் வந்து போகிற, வாகனம் நிற்கிற, ஆட்கள் படுத்துறங்குகிற இடம் அது. நமது தமிழில் இரண்டுக்கும் "பாதுகாப்பு" என்று ஒரே சொல்லைச் சொல்வதால் குழம்பிவிடுகிறோமோ தெரியாது.

வெடிமருந்துக் களஞ்சியம் குடிமனையிலிருந்து விலகி, மண் அணை சூழ, உலர்ந்து காற்றோட்டமாக இருக்க வேண்டும். டெட்டனேட்டரை டைனமைட்டோடு ஒரே அறையில் வைக்கவே கூடாது. முதலில் தூண்டுவது அதுதான். பெட்டியை இரும்புக் கம்பியால் நெம்பக் கூடாது, எறியக் கூடாது, இழுக்கக் கூடாது. உள்ளே பீடி, தீப்பெட்டி, கைத்தொலைபேசி எதுவும் போகக் கூடாது. பழைய சரக்கு முதலில் வெளியேற வேண்டும். நாட்பட்ட டைனமைட்டில் எண்ணெய் கசிந்தால் சின்னத் தட்டலும் போதும். ஏற்றி இறக்குகிற கூலித் தொழிலாளிக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சட்டம் இல்லாமலில்லை. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. ஆனாலும் 2016 ஜூன் 5இல் கொஸ்கம, சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்துச் சுற்றியிருந்த வீடுகள் நாசமாகின. பெய்ரூட் துறைமுகத்தில் வருடக்கணக்காகக் கிடந்த 2,750 தொன் அமோனியம் நைட்ரேட் 2020 ஓகஸ்ட் 4இல் நகரையே உலுப்பியது. எல்லா இடத்திலும் பொருள் அதிகாரிகளின் பொறுப்பில்தான் இருந்தது.

இது பொலிஸாரைக் குறை சொல்கிற பதிவு அல்ல. செத்தவர்களில் கூடுதலானோர் அவர்கள்தான். யாரோ தந்த அமானிதத்தைக் காவல் காத்தவர்கள்.

நாளைக்கு நம்ம படுவான்கரைப் பக்கம் கல்குவாரியோ வீதி வேலையோ வந்தால், வேலைவாய்ப்பு எத்தனை, லொறி எந்தப் பாதையால் போகும் என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. மருந்து எங்கே இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரம், பொறுப்பாளர் யார் என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தின் மாதிரியொன்றை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். தேவையான சங்கங்கள் வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம்.