அயலார் வெள்ளியும் நமது நாணயமும்

நாணயம் என்னும் சொல் நம் மொழியில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். நேர்மையே காசுக்கு மதிப்பளிக்கிறது என்பதற்கு எத்தியோப்பிய நாட்டின் சரித்திரம் தக்க சான்றாகும்.

ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசா அரசியார் 1780-ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய உருவம் பொறித்த 'தாலர்' என்னும் வெள்ளிக் காசோ, அதே ஆண்டைத் தாங்கியவாறு பின்னரும் அச்சாகி வந்தது. அதன் எடை சுமார் 28 கிராம். ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. இவ்வளவு மாறவே இல்லை. எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் காப்பிக்கொட்டை விற்ற குடியானவர்கள் அதனையே விலையாகப் பெற்றனர். அரசியாரின் மார்பணியிலுள்ள முத்துக்களை எண்ணிப் பார்த்து, தேய்ந்த காசை மறுத்தனர். எழுத்தறியாதவரும் சோதித்தறியக்கூடிய காசு அது! 1894-இல் இரண்டாம் மெனெலிக் மன்னர் சொந்த நாணயம் வெளியிட்டபோதும், மக்கள் பழைய தாலரையே விரும்பினர்.

ஆயினும் அந்நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. பெரிய காசாகையால் சில்லறைக்கு உப்புக்கட்டிகளையே நாட வேண்டியிருந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறி இறங்கியபோதெல்லாம் குடியானவரின் சேமிப்பும் ஏறி இறங்கியது. காசு அவர் மடியில். அச்சோ அயலார் கையில். 1935-இல் அவ்வச்சுக்களை ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலி பெற்றது. அவ்வாண்டு அக்டோபரிலேயே எத்தியோப்பியாவின் மீது படையெடுத்தது. 1945-இல் அந்நாடு புதிய பணத்தை வெளியிட்டபோது, காகித நோட்டுகளுடன் வெள்ளியில் 50 சென்ட் காசையும் வழங்கியது. மக்கள் எதை நம்புவர் என்பதை அரசு உணர்ந்திருந்தது.

அங்கத்தினர்களே, நமக்கும் இதில் பாடம் உண்டு. வெளி வியாபாரியின் முன்பணம் உடனே கைக்கு வருகிறது. ஆனால் விலையை நிர்ணயிப்பவர் அவரே. ஆகையால் சங்கமே நமக்குத் துணை என்கிறோம். அது முற்றிலும் உண்மை. எனினும், 'இது நம் சங்கம்' என்ற உரிமை மட்டும் போதாது. மெனெலிக் மன்னரின் காசும் அந்நாட்டின் சொந்தக் காசே அன்றோ! நூலின் எடை, துணியின் அளவு, விளைபொருளின் தரம், கணக்குப் புத்தகம் ஆகிய அனைத்தையும் கடைசி அங்கத்தினரும் முத்தெண்ணுவதுபோல் சோதிக்க இடமளிக்க வேண்டும். கணக்கைக் காட்டத் தயங்கும் சங்கம், அங்கத்தினர் விலகுவதைக் குறை கூறலாகாது.

அச்சும் நம் கையில் இருக்கட்டும், அளவும் மாறாதிருக்கட்டும். அதுவே நாணயம்.