காமன் பொட்டல் யாருக்குச் சொந்தம்?

கடந்த மாசியில் ஒரு மாலை. அக்கரப்பத்தனையைத் தாண்டி டயகமவை அடைந்தபோது மலைமுகடுகளைப் பனிமூட்டம் மறைத்துவிட்டது. சங்கக் காரியமாகச் சென்ற எம்மை, அங்குள்ள தோட்டமொன்றின் தோழர்கள், "இன்னைக்கு ராவுக்குக் காமன் கூத்துங்க ஐயா, இருந்து பார்த்துட்டுத்தான் போகணும்" என்று தடுத்து நிறுத்தினர். இருந்தோம். அன்றிரவு கண்டதையும் கேட்டதையும் மறைத்து வைப்பது பொதுவாழ்வில் உள்ளவனுக்கு அழகன்று என்பதால் இதனை எழுதுகின்றோம்.

மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றி, விரதம் காத்து, நாள்தோறும் ஆடிப் பாடி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பது மலையகத்தின் மரபு. பகலெல்லாம் கவ்வாத்து வெட்டிய கைகள் இரவில் கரும்பு வில்லை ஏந்தின. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை, "போகாதே" என்று ரதி மறிக்கிறாள். அவன் போகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, எரிகிறான். ரதி புலம்பியபோது, கொழுந்துக் கூடை சுமந்து தழும்பேறிய தாய்மார் முந்தானையால் கண்களைத் துடைத்துக் கொண்டனர். ஒரு காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு வா என்று ஆட்களை எழுப்பிய அதே தப்பு, அன்றிரவு அவர்களை மனிதராக எழுப்பியது.

கூத்து ஓய்ந்து தேநீர் அருந்துகையில், கூத்துப் பழக்கும் பெரியவர் மெல்லச் சொன்னார்: "பொட்டல்ல புதுக் கன்னு போடப் போறாங்களாம் ஐயா. அடுத்த மாசிக்குக் கம்பத்தை எங்க ஊண்டுறதுன்னு தெரியலைங்க." எழுத்தில் ஏதும் உண்டா என வினவினோம். இல்லை. அவர் பாட்டனார் காலந்தொட்டு வாய்மொழி அனுமதிதான்!

அனுமதியின் பேரில் அனுபவிப்பது உரிமையாகாது. இது சட்டம் பயிலும் முதலாண்டு மாணவனும் அறிந்த விதி. அரச நிலத்திலோ எத்தனை தலைமுறை ஆடினாலும் அனுபவ பாத்தியதை பிறவாது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, வியர்வை மட்டும் தொழிலாளிக்கு! இந்தக் கணக்கில் காமனுக்கு இடம் எங்கே?

வன்னியிலும் மட்டக்களப்பிலும் நெல் விளைவிக்கும் உழவர் பெருமக்களே! உங்கள் ஊர்க் கூத்துக்குக் களரி அமைக்க எந்தத் துரையிடம் விண்ணப்பித்தீர்கள்? உங்கள் கோயில் வீதி உங்களுடையது. சூடடித்த களம் உங்களுடையது. காடழித்துக் கோப்பி நட்டு, 1869இல் இலைநோய் தொடங்கிக் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டு, இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய மக்களுக்கோ, ஒரு கம்பம் ஊன்றும் அளவு மண்ணும் சொந்தமில்லை. இது நியாயமா?

இம்மக்கள் எரிக்கப்பட்ட வரலாற்றையும் நினைவூட்டுவோம். 1947இல் தலவாக்கலை மக்கள் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறுஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களுள் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மந்தையைப் போல் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலமே எஞ்சியோர் பிரசைகளாயினர். எரிந்த காமன் உயிர்பெற்றான். ஆனால், ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது கதை. எங்கள் மலையகத்தான் பெற்ற உயிரும் அத்தகையதே. தேர்தல் காலத்தில் வேட்பாளரின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். வாக்குப்பெட்டி மூடியதும் மறைந்து விடுகிறான்!

"சம்பளம் கேட்க வேண்டிய நேரத்தில் கூத்துக்கு நிலம் கேட்பதா?" என்று அறிவாளிகள் சிலர் நகைப்பர். நாளாந்தச் சம்பளமாக 1,000 ரூபாயைப் பெறவே 2021 வரை போராட நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அந்தப் போராட்டத்துக்கு ஒற்றுமையை எங்கே தேடினோம்? தோட்டத்தில் வேலைத்தலமும் லயமும் நிர்வாகத்தின் கணக்கில் உள்ளவை. மக்கள் தாமே கூடி, தாமே காசு சேர்த்து, தாமே தலைமை தாங்கும் இடம் காமன் பொட்டல்தான். அதை இழந்தவன் நாளை கூலிக்காகக் கூடவும் இடமின்றி நிற்பான். இதே டயகமவில் 1956இல் தொழிலாளர் போராட்டத்தின்போது பொலிசாரின் குண்டுக்குப் பலியான ஏப்ரகாம் சிங்கோ ஒரு சிங்களத் தோழர். கூடி நிற்கும் உரிமைக்கு இம்மண் கொடுத்த விலை அது. அதன் பெறுமதியை இம்மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

படித்த தமிழரையும் விடுவதற்கில்லை. தலைநகர மண்டபங்களில் காமன் கூத்தைப் பதினைந்து நிமிடக் காட்சியாக்கிக் கைதட்டுகிறோம். தப்புக்குச் சாதிப் பழி சுமத்தி நம் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். மலையகத்திலிருந்தே கற்று உயர்ந்த ஆசிரியர்களிலும் அலுவலர்களிலும் எத்தனை பேர் மாசியில் பிள்ளைகளுடன் தம் பழைய லயத்துக்குத் திரும்புகின்றனர்? இருநூறாண்டு நிறைவை 2023இல் கொண்டாடினோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். நடந்த கால்கள் பொட்டலுக்கும் வரட்டும்!

வழி இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செல்லத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டு வழி திறந்தது. ஆதலின், ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் காமன் பொட்டலை அளந்து, எல்லை குறித்து, குத்தகையிலிருந்து விலக்கி, மக்களின் பொதுநிலமாகப் பதியும்படி நுவரெலியா மாவட்டச் சபை உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவர வேண்டும். நில அளவையாளர் அளவை தரட்டும். வழக்கறிஞர் கூலி பெறாது ஆவணம் எழுதட்டும். ஆசிரியர் பெரியவர்களிடம் பாடலையும் அடவையும் தாளத்தையும் எழுதி வாங்கட்டும். எம் பங்குக்கு, அந்தப் பெரியவரின் மனுவை வரைந்து கையொப்பமும் பெற்றுவிட்டோம்.

அடுத்த மாசியில் கம்பம் ஊன்றப்பட வேண்டும், அதே பொட்டலில். யாருடைய அனுமதியின் பேரிலும் அன்று, உரிமையின் பேரில்!