படக்குழாயைக் குறை சொல்லும் முன்

பழைய ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி ஒன்று பழுது பார்த்துத் திரும்பி வருகிறது. மின்தேக்கிகள் எல்லாம் புதியவை. படமும் தெளிவாக வருகிறது. ஆனால், வெள்ளையாக இருக்க வேண்டிய எழுத்துகள் நீலப்பச்சையாகத் தெரிகின்றன. உடனே பலர் சொல்வது: “படக்குழாய் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள்.” வாசகர்களே, இந்த அவசரத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடிப் படக்குழாய்களின் காலம் முடிந்துவிட்டது. நல்ல குழாய் ஒன்றைக் குப்பைக்கு அனுப்பினால், அதற்கு ஈடாகப் புதியது கிடைக்காது.

எந்த நிறம் குறைகிறது என்பதைத் திரையே சொல்லிவிடும். சிவப்பு, பச்சை, நீல ஒளி மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. வெள்ளை நீலப்பச்சையானால் சிவப்பைக் காணோம்; மஞ்சளானால் நீலத்தைக் காணோம்; மெஜந்தாவானால் பச்சையைக் காணோம். இடைநிலைப்பள்ளியில் தேர்வுக்காக நீங்கள் மனப்பாடம் செய்த அதே பாடம்தான்.

அடுத்த கேள்வி, அந்தச் சிவப்பு எங்கே தொலைந்தது? விளையாட்டுப் பலகையிலா, கம்பியிலா, திரையிலா? இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, திரைக்குள் நுழையும் சிவப்புக் கம்பியையும் பச்சைக் கம்பியையும் இடம் மாற்றிச் செருக வேண்டும். மீண்டும் இயக்கும்போது பச்சை காணாமல் போனால், கோளாறு பலகையிலோ கம்பியிலோ இருக்கிறது, திரையில் குறையில்லை. அப்போதும் சிவப்பே இல்லையென்றால், கோளாறு திரைக்குள்தான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதன் இவ்வளவு அழகான உதாரணத்தை நான் பாடநூலில் பார்த்ததில்லை.

திரைக்குள் என்று தெரிந்த பிறகும் குழாயைச் சந்தேகிக்க அவசரம் வேண்டாம். குழாயின் கழுத்தில் செருகப்பட்டிருக்கும் சிறு பலகையை முதலில் பாருங்கள். பழுது பார்க்கும்போது அதைக் கழற்றி, திரும்பச் செருகியிருப்பார்கள். அந்த இழுப்பில் பழைய ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கலாம். விரலால் மெல்லத் தட்டினால் நிறம் வந்து வந்து போகும் கோளாறு பெரும்பாலும் இதுதான். (விரலால் என்றேனே தவிர, உண்மையில் காய்ந்த மரக்குச்சியால்தான் தட்ட வேண்டும்.) அதே பலகையில் மூன்று நிறங்களுக்கும் ஒரே மாதிரியான மூன்று சுற்றுகள் இருக்கின்றன. சரியாக இயங்கும் பச்சைச் சுற்றின் மின்னழுத்தத்தை அளந்து, சிவப்போடு ஒப்பிட்டால் போதும். வரைபடம் இல்லாவிட்டாலும் கோளாறு பிடிபடும்.

ஒரு மூலையில் மட்டும் ஊதாவோ பச்சையோ படர்ந்திருந்தால் அது வேறு கதை. குழாய்க்குள் இருக்கும் உலோகத் தடுப்பு காந்தமேறியிருக்கிறது. அதை நீக்கும் கம்பிச்சுருளைப் பழுதுக்காகக் கழற்றியவர் திரும்பப் பொருத்த மறந்திருப்பார்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது, காரணம் தெரியாமலேயே எல்லாத் திருகுகளையும் திருகுவது. கழுத்துப் பலகையின் திருகுகளில் ஒரு வகை இருண்ட பகுதியின் நிறத்தையும், மற்றொரு வகை வெளிச்சப் பகுதியின் நிறத்தையும் சரிசெய்கின்றன. புதிய மின்தேக்கிகளுக்குப் பின் சிறு திருத்தம் தேவைப்படலாம். ஆனால், அறுந்த ஈயப்பற்றை எந்தத் திருகும் ஒட்டாது. மூல நிலையைக் குறித்துக்கொள்ளாமல் திருகினால் இரண்டு கோளாறுகள் ஆகிவிடும்.

சில வேளைகளில் எதுவுமே கெட்டிருக்காது. 1981-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘டாங்கி காங்’ பலகை, நிறச் சமிக்ஞைகளைத் தலைகீழாக அனுப்பும். அதற்கேற்ற சான்யோ திரை அவற்றை நேராக்கிக் காட்டும். அந்தத் திரைக்குப் பதிலாகச் சாதாரணத் திரையைப் பொருத்தினால், படம் புகைப்பட நெகட்டிவ் போலத் தெரியும். இடையில் ஒரு சிறு தலைகீழாக்கிச் சுற்று வைத்தால் சரியாகிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெட்டியின் பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். படக்குழாயில் 20,000 வோல்ட் அளவிலான மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அந்த வேலை அனுபவமுள்ளவருக்கே உரியது. குழாயை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், “கம்பிகளை இடம் மாற்றிப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.