தலைமுறைகள் பேசிக்கொள்ளாத சங்கம் தழைக்குமா?

சேவை செய்ய ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பல் இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் பல சங்கங்களில் கேட்கிறது. "இளைஞர்கள் வருவதே இல்லை" என்று பெரியவர்கள் குறைபடுகிறார்கள். "வந்தால் எங்களை யார் கேட்கிறார்கள்?" என்று இளைஞர்கள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். தலைமுறைகளுக்கு இடையே பேச்சு அறுந்துவிட்டது என்பதுதான் அந்த நோய்.

வாசக அன்பர்களே! ரோட்டரி, அரிமா, ஜேசீஸ் போன்ற உலகளாவிய சங்கங்களாகட்டும், நமது மஹல்லாவின் நற்பணி மன்றமாகட்டும், 20 வயதுக் கல்லூரி மாணவரும் 45 வயதுக் கடைக்காரரும் 70 வயது ஓய்வு பெற்ற ஆசிரியரும் ஒரே பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். ஒரே பதிவேட்டில் இருப்பவர்கள் ஒரே பேச்சிலும் இருக்கிறார்களா? இதுவே நம் முன் நிற்கும் கேள்வி.

கருவி மாறியது, கடமை மாறியதா?

அஞ்சலட்டையில் கூட்ட அறிவிப்பு வந்த காலம் ஒன்று இருந்தது. சுற்றறிக்கை நோட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் கடை கடையாக ஏறி இறங்குவார். உறுப்பினர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்தக் கையெழுத்துக்கு ஒரு பொருள் இருந்தது. செய்தி போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. "வருவீங்களா பாய்?" என்று கேட்கவும், "இந்த மாதம் முடியாது, மகளுக்குப் பிரசவம்" என்று சொல்லவும் அந்த ஒரு நிமிடத்தில் இடம் இருந்தது.

2003-ல் கைப்பேசிக்கு வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கியது. 2013 ஜூலையில் தந்தி சேவையே நிறுத்தப்பட்டது. 2016-க்குப் பிறகு இணையம் மலிந்து கைக்குக் கை வாட்ஸ்அப் வந்துவிட்டது. செயலாளரின் வேலை எளிதாயிற்று. குழுவில் ஒரு வரி தட்டிவிட்டால் 200 பேருக்குச் சொல்லியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார். ஆனால் சொன்னது வேறு, சேர்ந்தது வேறு அல்லவா?

இங்கே பலரும் ஒரு தவறான கணக்குப் போடுகிறார்கள். பெரியவருக்குக் கடிதம், இளைஞருக்கு வாட்ஸ்அப் என்று பங்கு பிரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். நடப்பு என்ன? விடியற்காலையிலேயே பூப்படம் போட்டு வாழ்த்து அனுப்புவோரில் பலர் 60-ஐத் தாண்டியவர்கள். அந்த வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோன கூட்ட அறிவிப்பைத் தேடிப் பார்க்காமல் குழுவின் வாயை அடைத்து வைத்திருப்பவர்கள்தான் இளைஞர்கள். ஆக, குறை கருவியில் இல்லை. செய்தியை அனுப்புகிறோமே தவிர, ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

பெரிய சங்கங்கள் கற்ற பாடம்

1905-ல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, இளைஞர்களுக்கென்று 1968-ல் ரோட்டராக்ட் என்ற கிளையை உண்டாக்கியது. அரை நூற்றாண்டுக் காலம் அந்த இளைஞர்கள் ரோட்டரி நடத்தும் ஒரு திட்டமாகவே கருதப்பட்டார்கள். 2019-ல் கூடிய அதன் சட்டமன்றம்தான் ரோட்டராக்ட் சங்கங்களையும் ரோட்டரி சர்வதேச அமைப்பின் உறுப்பாக ஏற்றது. 30 வயது என்றிருந்த உச்சவரம்பும் 2020 ஜூலை முதல் நீங்கியது. நம் பிள்ளைகள் என்று தட்டிக் கொடுப்பது ஒன்று, நம் உறுப்பினர்கள் என்று நாற்காலி கொடுப்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை உணர உலகப் பெரும் சங்கத்திற்கே 50 ஆண்டுகள் பிடித்தன.

ஜேசீஸ் வழி வேறு. அது 18 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களின் இயக்கம். 40 தாண்டினால் பொறுப்பை இளையவரிடம் விட்டு விலக வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்களுக்கு இதில் பாடம் உண்டு. ஆனால் ஊர்ச் சேவைக்கு இந்த வேலி முழுவதும் பொருந்தாது. மூத்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நாம் செய்ய முடியாத வேலைகள் பல இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது இரத்த தானம்.

உயிர் ஊசலாடும்போது

நமது சமுதாய அமைப்புகள் தமிழகம் எங்கும் நற்பெயர் ஈட்டிய துறை இது. இரத்தம் கொடுக்க 18 முதல் 65 வயது வரை இருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ. ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். ஆகவே கொடையாளர் பட்டியல் என்பது ஒருமுறை எழுதி வைத்துவிடும் ஏடு அல்ல. யார் எப்போது கொடுத்தார், யார் 65-ஐக் கடந்தார், யாருக்குப் புதிதாக 18 நிரம்பியது என்று மாதந்தோறும் திருத்த வேண்டிய ஏடு. இரத்தத் தட்டணுக்களோ 5 நாட்களுக்கு மேல் தாங்காது. டெங்கு பரவும் மாதங்களில் சேமிப்பை நம்பி இருக்க முடியாது, ஆளைத்தான் நம்ப வேண்டும்.

கொடுக்கும் உடல் இளைஞரிடம் இருக்கிறது. "இரத்தம் கொடுத்தால் பிள்ளை இளைத்துப் போவானே" என்று அஞ்சும் தாயைச் சமாதானப்படுத்தும் சொல் பெரியவரிடம் இருக்கிறது. எந்த வீட்டில் எந்த வகை இரத்தம், எந்தக் குடும்பத்தை யார் மூலம் அணுகலாம் என்ற அறிவும் அவரிடமே இருக்கிறது. இருவரும் பேசாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் படுக்கையில் கிடக்கும் ஏழைக்கு யார் பதில் சொல்வது?

இன்று என்ன நடக்கிறது? "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை, அதிகம் பகிரவும்" என்று ஒரு செய்தி வருகிறது. தேதி இல்லை, மருத்துவமனையின் பெயர் இல்லை. நல்ல மனத்தோடு பெரியவர் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறார். அந்த நோயாளி குணமாகி வீடு திரும்பி ஓராண்டு ஆன பின்னும் அந்தச் செய்தி ஊர் சுற்றுகிறது. அந்தக் குடும்பத்தின் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. நான்கு முறை ஏமாந்த இளைஞர், ஐந்தாவது முறை உண்மையான அழைப்பு வரும்போது அசையாமல் இருக்கிறார். எத்தனை பெரிய இழப்பு!

சரிபார்க்காமல் பரப்பும் செய்தி உயிரையும் குடிக்கும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் எந்தக் கட்டுப்பாட்டைக் காட்டிலும், "தாத்தா, இது பழைய செய்தி" என்று பணிவோடு எடுத்துச் சொல்லும் பேரனும், அதைக் கோபிக்காமல் கேட்கும் தாத்தாவும் பெரிய காவல்.

சொல்பவர் யார் என்பதும் செய்திதான்

போலியோ ஒழிப்பை எண்ணிப் பாருங்கள். 1985-ல் ரோட்டரி இந்தப் பணியைத் தன் தோளில் ஏற்றது. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் முஸ்லிம் குடும்பங்கள் பல சொட்டு மருந்தைச் சந்தேகித்தன. சுவரொட்டிகள் அந்தச் சந்தேகத்தைப் போக்கவில்லை. பள்ளிவாசல் அறிவிப்பும், உலமாக்களின் வேண்டுகோளும், வீடு வீடாகப் போய்த் தாயிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து பேசிய உள்ளூர்ப் பெண்களும் போக்கினார்கள். 2011 ஜனவரி 13-க்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ பாதிப்பு இல்லை. 2014 மார்ச் 27 அன்று சான்றிதழும் கிடைத்தது. அந்தந்த வயதினர் நம்பும் வாயிலிருந்து வந்தால்தான் செய்தி உள்ளத்தில் இறங்கும்.

2020, 2021 கொரோனா நாட்களிலும் இதைக் கண்டோம். மூத்தவர்கள் வெளியே வரக்கூடாது என்ற நிலை. பாதுகாப்பு உடை அணிந்து, மதம் பாராமல் உடல்களை அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். இறந்தவரின் மத வழக்கப்படி இறுதி மரியாதை செய்வதென்றால் அந்த வழக்கம் அறிந்தவரைக் கேட்டாக வேண்டும். அறிந்தவர் வீட்டுக்குள் இருந்தார், செய்பவர் மயானத்தில் நின்றார். இடையில் இருந்தது ஒரு தொலைபேசிதான். தேவை வந்தபோது பேச முடிந்த நமக்கு, மற்ற நாட்களில் ஏன் முடியவில்லை?

நம் மண்ணுக்கு ஏற்ற வழி

நமது சமவெளியின் பிழைப்பு முறையையும் மறந்துவிடக் கூடாது. நாமக்கல் லாரி ஓட்டுநர் வட மாநிலத்திற்கு லோடு ஏற்றிப் போனால் திரும்ப வாரங்கள் ஆகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போன இளைஞர் வர மாதங்கள் ஆகும். பள்ளிபாளையம் விசைத்தறிக்காரருக்கு ஷிப்ட். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரருக்கு ஆர்டர் வந்தால் இரவு பகல் கிடையாது. இவர்களை மாதக் கூட்டத்திற்கு வரவில்லை என்று பெயர் அடித்துவிட்டால் சங்கத்தில் யார் மிஞ்சுவார்கள்? வீட்டில் உருது பேசி வளர்ந்த பெரியவரும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பேரனும் ஒரே குழுவில் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எழுத்தில் விளங்காதது குரலில் விளங்கும். ஓட்டுநருக்கும் அதுவே வசதி. வண்டியை ஓரம் கட்டியபின் கேட்டுக்கொள்வார்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல.

முதலாவது, பணிக்கென்று ஒரு குழு, வாழ்த்துக்கென்று வேறொரு குழு. பணிக் குழுவில் வரும் ஒவ்வொரு அழைப்பிலும் என்ன, எங்கே, எப்போது, யாரைக் கேட்பது என்ற நான்கும் இருக்க வேண்டும். காரியம் முடிந்ததும் "முடிந்தது" என்று அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, பத்து உறுப்பினருக்கு ஒரு பொறுப்பாளர். அவர் மாதம் ஒருமுறை பத்துப் பேரையும் குரலால் அழைக்க வேண்டும். பழைய சுற்றறிக்கை நோட்டின் கையெழுத்துக்கு இதுவே ஈடு.

மூன்றாவது, ஒரு மூத்தவரையும் ஓர் இளைஞரையும் ஒரே பணியில் இணைக்க வேண்டும். பட்டியல் ஒருவர் சட்டைப் பையில் முடங்காமல் இருவர் கையிலும் இருக்கட்டும். மூத்தவர் சொல்ல, இளையவர் பதிவு செய்யட்டும்.

நான்காவது, முடிவெடுக்கும் குழுவில் 30 வயதுக்கு உட்பட்டோருக்கும் இடம் வேண்டும், வாக்கும் வேண்டும். நாற்காலி போடவும் பேனர் கட்டவும் மட்டும் இளைஞர் அணியைக் கூப்பிடுவது முறையல்ல. ஊரில் இல்லாதவர் தொலைபேசி வழியே கருத்துச் சொல்ல அனுமதியுங்கள்.

பெரியோர்களே! நீங்கள் கட்டிக் காத்த சங்கம் உங்களுக்குப் பின்னும் நிலைக்க வேண்டுமானால், உயிரோடு இருக்கும்போதே சாவியின் ஒரு படியை இளையவரிடம் கொடுங்கள். இளைஞர்களே! கைப்பேசியை இயக்கத் தெரியாதவர் என்று ஒருவரை எள்ளாதீர்கள். கைப்பேசி இல்லாத காலத்தில் நள்ளிரவில் கதவைத் தட்டி இரத்தம் கொடுக்க ஆள் சேர்த்தவர்கள் அவர்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பாட்டனும் பேரனும் ஒரே ஸஃபில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டதும் ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறோம். அந்த வாசலிலேயே பத்து நிமிடம் நின்று பேசத் தொடங்கினால் போதும், பாதிச் சங்கங்கள் பிழைத்துவிடும்.

அடுத்த கூட்டத்திற்கு முன், உங்கள் பதிவேட்டில் உங்கள் வயதுக்கு எட்டாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து அழைத்துப் பாருங்கள். சொல்வதற்கு முன் கேளுங்கள். செய்வோமா?