சுற்றுலாப் பேருந்து நிற்காத ஊர்

வளையமாதேவிக்கு நான் போனது கால்வாயைப் பார்க்க. 2023 ஜூலை 26 அன்று, வயலில் நின்ற நெற்பயிருக்குள் என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கின. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வேண்டுமாம். பச்சைப் பயிர்மீது பொக்லைன் ஏறியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அறுவடைவரை பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே வருந்திக் கேட்டது. வாடிய பயிருக்காக வருந்திய வள்ளலாரின் வடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதே நெய்வேலிக்குச் சுற்றுலாவும் உண்டு. புதுச்சேரி சுற்றுலாத் துறையோடு கைகோத்துச் 'சுரங்கச் சுற்றுலா' தொடங்கினார்கள். ராட்சத இயந்திரங்களைப் பார்க்கலாம். தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் வளர்த்த மரங்களின் நிழலில், பூங்காவில் உட்காரலாம். மரத்தின்மீது எனக்கு என்ன பகை? என் கேள்வி வேறு. பூங்காவும் அருங்காட்சியகமும் ஓர் ஊரின் நினைவகம் என்றால், அந்த நினைவில் யாருக்கு இடம்?

நெய்வேலியின் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிறுவனம் பிறந்தது. நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் பெயர் நமக்கு மனப்பாடம். அந்தக் கிணற்றுக்குள் இறங்கி மண் சுமந்தவர் யார்? அவருக்குப் பெயர் இல்லை. சாதி சமூகத்தின் வரலாறு இப்படித்தான் எழுதப்படுகிறது: பட்டா உள்ளவர் வரலாற்றில் நிற்பார், உழைத்தவர் 'கூலியாட்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைவார்.

"நிலம் போனது எல்லோருக்கும்தானே, இங்கேயும் சாதியை இழுக்கலாமா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இழப்பு எல்லோருக்கும்தான். அந்த விவசாயிகளின் கோபம் நூற்றுக்கு நூறு நியாயமானது. ஆனால் நிலத்துக்கு இழப்பீடு பட்டாவைப் பார்த்து வருகிறது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு ஏக்கர் ஏது? அவர் இழந்தது களையெடுப்பு, அறுவடை, அடுத்த போகம். அதற்கு எந்த அதிகாரி கணக்கு எழுதினார்? தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்ட சேரிக்கு, நிலம் பறிபோகும்போதும் 'பாதிக்கப்பட்டவர்' என்ற தகுதி எளிதில் கிடைப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம்கூட, மூன்றாண்டுகள் அங்கே உழைத்து வாழ்ந்த விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே வரையறுக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் மனிதர்கள் நம் பேச்சில் ஏன் இல்லை?

இந்த மண்ணுக்கு வரலாற்றுப் பஞ்சம் இல்லை. நெய்வேலிக்கு அருகே முதனை கிராமத்தைச் சேர்ந்த, குறவர் சமூகத்து ராஜாகண்ணு, 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி பார்வதி விடாமல் வழக்கு நடத்தினார். 'ஜெய் பீம்' படம் பார்த்து அழுத நம்மில் எத்தனை பேர் அந்த ஊருக்குப் போயிருக்கிறோம்? சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் தலித் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். காட்டுமன்னார்கோவில் பகுதியில் பிறந்த இளையபெருமாள், நாடு முழுவதும் தீண்டாமையை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை கொடுத்தார். அவருக்குச் சிதம்பரத்தில் நினைவரங்கம் வந்திருக்கிறது, வரவேற்போம். ஆனால் தலைவர்களுக்கு மண்டபம் கட்டுவதோடு கணக்கு முடிந்துவிடாது.

நம் கோரிக்கை எளியது. சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஒவ்வொரு ஊரின் பெயரும், அங்கிருந்த சேரியின் பெயரோடு, நெய்வேலியில் கல்லில் பொறிக்கப்பட வேண்டும். பட்டா இல்லாமல் வெளியேறிய கூலிகளின் பட்டியல் வேண்டும். 2020இல் கொதிகலன் வெடித்து இறந்த தொழிலாளர்களின் பெயர்கள், ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்களையும் சேர்த்து, சுற்றுலாப் பயணி படிக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கையிலுள்ள செல்பேசி போதும். அடுத்த விடுமுறையில் பூங்காவைப் பார்த்துவிட்டு, அப்படியே வளையமாதேவிக்கு வாருங்கள். கரையோரத்தில் நாற்று நட்ட கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் ஊரின் கதையைக் கேளுங்கள், பதிவு செய்யுங்கள். மண்ணைத் தோண்டியவர்கள் நிலக்கரியை எடுத்துக்கொண்டார்கள். நினைவையாவது நாம் விட்டுக்கொடுக்காமல் இருப்போம்.